வலது முனைத் தகடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு வந்தது மேசை போல் நிறுத்தி, காலால் பெடல்களை மிதித்து வாசிக்கும் உன் பெடல் ஸ்டீல் கிட்டாரின் முனைத் தகட்டை அருகில் வைத்து எடுத்த ஒரு படமும், "இதை எப்படித் துடைப்பது?" என்ற ஒரு வரியும்தான் என்றாலும், உன் அம்மாவும் நானும் அதை மாறி மாறிப் பலமுறை பார்த்தோம். எதற்காக இப்போது துடைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பெடல் கம்பிகள் கழற்றப்பட்டுக் கட்டி வைக்கப்பட்டிருப்பது படத்தின் ஓரத்தில் தெரிகிறது, அதையும் கேட்கவில்லை.

அந்தத் தகடு மெருகேற்றப்படாத வார்ப்பு அலுமினியம். அதன் சொரசொரப்பு அழுக்கினால் வந்ததல்ல, வேண்டுமென்றே விடப்பட்டது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். எடுத்தவுடன் ஈரத்துணியால் துடைத்தால், மேட்டில் இருக்கும் தூசி குழிகளுக்குள் சேறாக இறங்கிவிடும். துணியின் இழைகளும் முனைகளில் சிக்கிக்கொள்ளும். ஆகையால் முதலில் ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகை ஒன்றை எடுத்து, உலர்ந்த நிலையிலேயே எல்லாத் திசைகளிலும் தட்டித் தட்டித் தூசியை வெளியேற்று. அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை இரண்டு மூன்று சொட்டு விட்டு, மெல்லிய பல் துலக்கியை நனைத்து, நன்றாக உதறிவிட்டுத் தேய். நீரைத் தகட்டின் மீது நேராகத் தெளிக்காதே. வலது பக்கத் தகட்டை ஒட்டித்தான், பெடலை மிதிக்கும்போது தந்திகளின் சுருதியை மாற்றும் சேஞ்சர் இருக்கிறது. அதன் விரல் போன்ற உலோகத் துண்டுகளுக்கும் சுருள்வில்களுக்கும் இடையில் இறங்கிய நீரை வெளியே எடுக்க வழியில்லை. உதறிய துலக்கி, பிழிந்த துணி, இவை போதும்.

குழிகளில் தெரியும் வெள்ளைப் பொடி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எப்போதோ பூசிய பாலிஷின் மிச்சமாக இருந்தால், லைட்டரில் ஊற்றும் எண்ணெயைத் துலக்கியில் சிறிது தொட்டுத் தேய்த்தவுடன் இளகி வந்துவிடும். அலுமினியமே அரித்துப் பூத்த பொடியாக இருந்தால், உதிர்ந்தது போக அடியில் சிறு பள்ளங்கள் நிற்கும். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். எண்ணெயைத் தொடும்போது சன்னல்களைத் திறந்து வை, அருகில் நெருப்பு வேண்டாம், மரத்தின் பூச்சிலும் பட வேண்டாம். ஈரம் காய்வதற்கு முடி உலர்த்தியைப் பிடிக்காதே. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவது என்பதால், சூடேறிய தகடு ஆறும் வரை சுருதி நிலைக்காது. நீரைத் தெளிக்காதே என்று முன்பே எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன், தெளிக்காதே.

சுருதித் திருகுகளின் வரிவரியான விளிம்புகளுக்குப் பஞ்சு உதவாது. நூல் நூலாக ஒட்டிக்கொள்ளும். மரக் குச்சியின் நுனியைக் கொண்டு வரியோடு வரியாக இழு. ஊசியைத் தொடாதே, முலாம் கீறிவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதே. அதன் துகள்களை, தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும். இவை எல்லாம் உனக்குத் தெரியாதவை அல்ல. பதினொரு வயதில் பத்துத் தந்திகளையும் யார் துணையும் இல்லாமல் மாற்றியவள் நீ. அன்று உன் அத்தையிடம் அதைச் சொல்லி நான் பெருமைப்பட்டது உனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவள் மூன்று மாதம் அம்மாவின் அழைப்பைக்கூட எடுக்காமல் இருப்பது சரியா என்று நீயே எண்ணிப் பார்.

இந்த இடத்தில், வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும், ஆகவே வாசிக்கும் முன் கையைக் கழுவு என்று எழுத வேண்டும். எழுதத் தொடங்கி, அந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன்.

வலது தகட்டில், உன் உள்ளங்கை வந்து அமரும் இடத்துக்குக் கீழே, சொரசொரப்பு முழுவதும் போய் வழுவழுப்பாக ஓர் இடம் இருக்கிறதல்லவா? உன் கை வியர்வை அரித்துவிட்டது என்று அத்தனை பேர் முன்னிலையில் உன்னைக் கடிந்துகொண்டேன். அது உன்னால் நேர்ந்ததல்ல. அதற்கு முந்தைய வாரம், நீ பள்ளிக்குப் போயிருந்தபோது, உலோகம் தேய்க்கும் பசையைப் பூசி நான் அங்கே தேய்த்தேன். துணி கறுப்பாக வந்தது. அழுக்கு இன்னும் இருக்கிறது என்று எண்ணி மேலும் தேய்த்தேன். மறுபடியும் கறுப்பாகவே வந்தது. மெருகேற்றாத அலுமினியத்தைப் பசையிட்டுத் தேய்த்தால் துணி கறுப்பாவது நிற்கவே நிற்காது, வருவது அழுக்கல்ல, தகடே தேய்ந்து வருகிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது மேடுகள் மழுங்கிப் போயிருந்தன. நீ கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

அதன் பிறகு நீ வாசிக்க உட்காரும் முன் மும்முறை கை கழுவியதையும், பாதியில் எழுந்து போய் மீண்டும் கழுவியதையும், நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் வாசிப்பதையே மெல்ல மெல்ல விட்டதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கக்கூடியதை இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு, மகளே.

அந்த வழுவழுப்பான இடத்தை மற்ற இடங்களோடு ஒத்துப்போகச் செய்ய உப்புத்தாள் எதையும் கொண்டு முயலாதே. பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். கிட்டாரை யாரேனும் வாங்க வந்து அந்த இடத்தைக் காட்டிக் கேட்டால், என் அப்பா தேய்த்தது என்று சொல். விற்கவில்லை என்றால், பெடல் கம்பிகளை மாட்டும்போது அவற்றின் முனைக் கொக்கிகளில் ஒரு சொட்டு எண்ணெய்க்கு மேல் விடாதே.

அம்மா நலம். ஞாயிற்றுக்கிழமை அவள் அழைப்பாள்.

அப்பா