படத்தின் கடைசி வரிகள் குறித்து அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் சின்னவள் காவல்துறை உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க நான் சம்மதித்துவிட்டேன். இத்தனை காலம் மறுத்ததற்கான காரணத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நாம் எல்லாரும் உட்கார்ந்து பார்த்த 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில்தான் அந்தக் காரணம் இருக்கிறது. இதைப் பொதுவில் எழுத வேண்டுமா என்று அண்ணி கேட்பார்கள். தனியாக எழுதியவற்றுக்கு உங்களிடமிருந்து பதில் வந்ததில்லை. அதோடு, பெண்ணைக் காவல்துறைக்கு அனுப்பலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் பெற்றோர் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். போதைப்பொருள் கடத்தலைப் பிடிக்கும் போலீஸ்காரராக நீங்கள் நடத்திய வழக்கு எது, எந்தச் சோதனைச் சாவடி, உடன் இருந்தவர்கள் யார் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

முடிவெடுப்பதற்கு முன்பு அந்தப் படத்தை மறுபடியும் தனியாகப் பார்த்தேன். 1971 இல் வில்லியம் ஃபிரீட்கின் எடுத்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அன்று அது எனக்குச் சத்தமும் ஓட்டமுமாக மட்டுமே தெரிந்தது. இம்முறை, நீங்கள் எந்தெந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்பதை வைத்தே பார்த்தேன். பிரான்சின் மார்செய்யிலிருந்து நியூயார்க்குக்கு ஹெராயின் கொண்டுவந்த ஷார்னியே கதகதப்பான உணவகத்துக்குள் அமர்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான். ஜீன் ஹாக்மன் நடித்த போலீஸ்காரன் டாயில், எதிர்ப்புறம் குளிரில் நின்று, கையில் பீட்சாத் துண்டோடு, வாயில் வைக்க முடியாத காப்பியைத் தரையில் ஊற்றுகிறான். அந்த இடத்தில் நீங்கள் படத்தை நிறுத்தி, "இது எங்களுக்குத் தெரிந்த ராத்திரி" என்று சொன்னீர்கள். பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் வந்து சேரும் நம் ஊரில், மார்கழிப் பனியில், பொட்டலம் பிரித்த பரோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நின்ற இரவுகளை நான் அப்போதுதான் முதன்முதலாக மனத்தில் கண்டேன்.

அடுத்து, ஹெராயின் ஒளித்துக் கொண்டுவந்த லிங்கன் காரைப் போலீஸ் பிரிக்கும் காட்சி. இருக்கை, கதவு, அடித்தளம் என்று எல்லாவற்றையும் கழற்றியும் ஒன்றும் அகப்படாத நிலையில், இறக்குமதியானபோது காரின் எடை, கையேட்டில் இருப்பதைவிட 120 பவுண்டு கூடுதலாக இருந்தது என்பது தெரிய வருகிறது. அதாவது ஏறக்குறைய 54 கிலோ. கழற்றாமல் விட்ட இடம் ஒன்றே ஒன்று, கதவுகளுக்குக் கீழே படியோரமாக ஓடும் தகட்டுக் கூடு. சரக்கு அதற்குள் இருக்கிறது. மெக்கானிக் அதைச் சொல்லும் முன்பே நீங்கள் திரையைக் காட்டி, "கீழே பார், கீழே" என்றீர்கள். தக்காளி ஏற்றிய வண்டியானாலும் மாம்பழம் ஏற்றிய வண்டியானாலும், பாரத்தைத் தாங்கும் கமான் பட்டை அமுங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே ரசீதில் உள்ள எடை பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவீர்கள் என்று உங்களோடு வேலை பார்த்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திறமையை நான் ஒருநாளும் வாய்விட்டுப் பாராட்டவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

மேலே ஓடும் ரயிலைக் கீழே தெருவில் காரில் துரத்தும் காட்சிக்கு நீங்கள் கை தட்டினீர்கள். புரூக்ளினில் முறையான அனுமதி இல்லாமல், உண்மையான போக்குவரத்துக்கு நடுவே அதில் ஒரு பகுதியைப் படமாக்கினார்கள் என்று பிறகு படித்தேன். உங்கள் கண் காரின் மேல் இருந்தது; என் கண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த பெண்ணின் மேல் இருந்தது. டாயில் அவளை இடிக்காமல் ஒடித்துத் திருப்பினான் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தெருவில் யார் நடந்துபோகிறார்கள் என்பது ஒரு கணமும் அவன் நினைவில் இல்லை.

கடைசியில் பாழடைந்த கட்டடத்துக்குள் அவன் சுட்டது ஷார்னியேவை அல்ல, தன்னோடு வந்த கூட்டரசு அதிகாரியை. அது தெரிந்த பிறகும் குனிந்துகூடப் பார்க்காமல், அடுத்த அறையை நோக்கி ஓடுகிறான். பிறகு, யார் என்ன ஆனார்கள் என்று சொல்லும் அந்தக் கடைசி வரிகள் திரையில் வந்தன. சரக்கை வாங்க இருந்த வாய்ன்ஸ்டாக் மீதான வழக்கு, போதிய சாட்சியம் இல்லை என்று தள்ளுபடி. ஒருத்திக்குத் தண்டனை நிறுத்திவைப்பு, இன்னொருவனுக்குத் தண்டனைக் குறைப்பு. ஷார்னியே பிடிபடவே இல்லை. டாயிலும் அவனோடு வேலை பார்த்த ரூசோவும் போதைப்பொருள் பிரிவிலிருந்து மாற்றப்பட்டார்கள்.

நீங்கள் ரிமோட்டை எடுத்து முதல் வரியிலேயே நிறுத்தினீர்கள். பிள்ளைகள் எழுந்து போகப் பார்த்தபோது, "இருங்கள்" என்று அதட்டினீர்கள். 'போதிய சாட்சியம் இல்லை' என்பதைத் தமிழில் இருமுறை வாய்விட்டுச் சொன்னீர்கள். உங்கள் வழக்கின் தீர்ப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாற்றல் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. "பார்த்தாயா, அமெரிக்காவிலும் இதே கதைதான், பிடித்தவனுக்குத்தான் தண்டனை" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்: "அந்த மனிதனுக்குக் குடும்பம் இல்லை அண்ணா, அதனால் அவன் தோல்வி அவனோடு போயிற்று; உங்களுக்கு நாங்கள் இருந்தோம்."

அண்ணியும் பிள்ளைகளும் கேட்கும்படி சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னதை நான் திரும்பப் பெற மாட்டேன். அம்மாவைத் தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த இரவு, நீங்கள் தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்காகக் காத்திருந்தீர்கள். மயக்கத்திலும் அம்மா உங்கள் பெயரைத்தான் சொன்னார். மருந்துச் சீட்டோடு மாடிக்கும் தரைக்கும் அலைந்தவள் நான். அந்த லாரியைப் பிடித்த பெருமையை மறுநாள் உங்கள் முகத்தில் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இருந்தாலும் இதை எழுதும்போது, அம்மாவின் காலடியில் சீருடையோடு தரையில் உட்கார்ந்தபடியே நீங்கள் தூங்கிப்போனதும் நினைவுக்கு வருகிறது, அண்ணா.

உங்கள் வழக்கு தோற்றதற்கு உங்கள் கால்கள் காரணமல்ல, காகிதமே காரணம் என்பதைத் தீர்ப்பைப் படித்து நான் புரிந்துகொண்டேன். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 42 ஆம் பிரிவு சொல்கிறது. ஆளைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை நடத்தக் கோரும் உரிமை அவனுக்கு உண்டு என்பதை அவனிடமே தெரிவிக்க வேண்டும் என்பது 50 ஆம் பிரிவு. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. அவ்வளவு கடுமையான தண்டனை தருகிற சட்டம், நடைமுறையையும் கடுமையாகக் கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். உங்களுக்கு இது பிடிக்காது. டாயிலுக்கும் பிடித்திருக்காது. படத்துக்கு அடிப்படையாக இருந்த உண்மை வழக்கில், அவ்வளவு பாடுபட்டுக் கைப்பற்றிய ஹெராயின் காவல்துறையின் பாதுகாப்பிலிருந்தே திருடப்பட்டு, அதன் இடத்தில் மாவு வைக்கப்பட்டிருந்தது 1972 இல் கண்டுபிடிக்கப்பட்டது. துரத்துவதில் காட்டிய அக்கறையைத் துரத்தி முடித்த பிறகும் காட்டியிருந்தால் அது நடந்திருக்காது. உங்கள் வழக்கில் அந்த அக்கறை காட்டாதவர்கள் நீங்கள் மட்டும் அல்ல என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

சின்னவளுக்கு இந்த வேலை வேண்டும் என்ற ஆசை உங்களைப் பார்த்து வந்தது. நான் தடுத்தால் அவள் என்னிடம் பொய் சொல்லிவிட்டுத் தேர்வு எழுதுவாள், உங்களுக்காக அம்மாவிடம் நாம் இருவரும் பொய் சொன்னதைப் போலவே. அதனால் சம்மதித்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் காவேரிப்பட்டணத்திலிருந்து பேருந்தில் ஏற்றி அனுப்புகிறேன். மாமாவிடம் கார் துரத்திய கதை கேட்கத்தான் அவள் வருவாள், சொல்லுங்கள். கமான் பட்டையைப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். அதற்கு முன்பு, கைப்பற்றியதைப் பதியும் மகஜர் எப்படி எழுத வேண்டும், எந்த நேரத்தை எந்த வரியில் குறிக்க வேண்டும், எதை விட்டால் நீதிமன்றத்தில் கேள்வி வரும் என்பதை உங்கள் வழக்கின் கட்டையே எடுத்து வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் தங்கை