களிம்புச் சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மருத்துவ இணைப்பில் வந்த கரப்பான் (எக்சிமா) நோய்க் கட்டுரை, 'ஸ்டீராய்டு களிம்புகளைத் தவிர்ப்பது நல்லது' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டது. உடுமலைப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்ப்பவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டு, மருத்துவர் கொடுத்த களிம்பைக் குப்பையில் போடுகிறவர்களும் இருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மார்கழி பிறந்தால் அரிப்பென்று வரும் குழந்தைகள் அதிகம். அப்படித்தான் ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். முந்தானையில் முடிந்திருந்த காலி டியூபை எடுத்து, 'இதே மருந்து' வேண்டும் என்றார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியதில் பெயரே பாதி அழிந்துபோயிருந்தது. தாத்தாவின் தொடைப்படைக்கு வாங்கியதாம், நன்றாகக் கேட்டதாம். அதில் இருந்தது குளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கூட்டுக் களிம்பு. அதைத்தான் அந்தச் சிறுமியின் கன்னத்தில் தடவி வந்திருக்கிறார்கள். முழங்கை மடிப்பில் தோல் கறுத்துத் தடித்து, நகம் பட்ட இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வாசனைச் சோப்பை மட்டும் யாரும் நிறுத்தவில்லை! பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி உட்காருகிறதாம். கரப்பான் ஒட்டுவதே இல்லை.

ஸ்டீராய்டு களிம்பு விஷமல்ல. கரப்பான் சிவந்து கொதிக்கும்போது அதை அடக்க முதலில் கொடுப்பதே அதைத்தான். சிக்கல் வீரியத்தில் இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மென்மையானது, குளோபீட்டசால் அதைவிடப் பல நூறு மடங்கு வலியது. குளோபீட்டசாலை முகத்திலும் மடிப்புகளிலும் கணக்கில்லாமல் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, கோடு விழும். படர்தாமரையின் மேல் தடவினால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். இன்னொரு பக்கம், பயந்துகொண்டு கடுகளவு தொட்டு வைத்து, இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்களும் உண்டு. அளவு ஒன்றும் பெரிய வித்தையல்ல. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்.

களிம்பைவிட முக்கியமானது ஈரப்பதம் காக்கும் பூச்சு. இந்த நோயில் தோலின் தடுப்புச்சுவர் பலவீனமாக இருப்பதால் நீர் வெளியேறி, அரிப்பு கிளம்புகிறது. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியோ வாசனையில்லாத கிரீமோ தாராளமாகப் பூச வேண்டும். அரிப்பு இல்லாத நாளிலும்தான். உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரம் கால் கிலோ கூடச் செலவாகும். சீட்டில் வருவதோ ஒரு சின்ன டியூப். சில சீட்டுகளில் அதுவும் இருக்காது.

2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. நல்ல சட்டம். ஆனால் பழைய சீட்டையோ கைபேசியில் எடுத்த டியூபின் படத்தையோ நீட்டுகிறவரை நான் திருப்பி அனுப்பினால், அடுத்த தெருவில் வாங்கிக்கொள்கிறார். பாட்டியையும் அப்படித்தான் சொல்லி, அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்பினேன். போனாரா என்று தெரியாது.

மருத்துவர்களிடம் ஒன்றே கேட்கிறேன். 'இரு வேளை' என்று எழுதும் இடத்தில், உடம்பில் எங்கே, விரல் நுனிக் கணக்கில் எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் தமிழில் எழுதுங்கள். சீட்டில் இருந்தால் கடையில் நாங்கள் மல்லுக்கட்டலாம். இல்லாததை நாங்களாகச் சொன்னால் 'மருந்துக்காரி மருத்துவம் பார்க்கிறாள்' என்பார்கள். தாங்களும் அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்தி, விரல் நுனி அளவைப் படத்தோடு வெளியிட்டால் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
உடுமலைப்பேட்டை