சாலையும் பட்டாவும் அழித்த காடு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெப்பமண்டலக் காடுகள் பற்றிய உங்கள் கட்டுரை, காட்டை எரித்துப் பயிரிடும் ஏழை விவசாயிகளும் பெருகும் மக்கள்தொகையுமே அழிவுக்குக் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கோடாரி பிடித்த கை விவசாயியுடையதுதான். ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, வெட்டாமல் விட்டால் எதை இழப்பது என்பதையெல்லாம் அவர் வந்து சேரும் முன்பே சாலை வரைபடமும் பட்டா விதியும் முடிவு செய்துவிட்டன. பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள ரோண்டோனியா மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

ரோண்டோனியா பரப்பில் தமிழ்நாட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1970-ல் அங்கே சுமார் 1.1 லட்சம் பேர். 1991-ல் 11 லட்சத்துக்கும் மேல். பிறப்பு விகிதம் எவ்வளவு இருந்தாலும் இருபது ஆண்டில் இப்படிப் பெருகாது. இவர்களில் பெரும்பகுதியினர் பெயர்ந்து வந்தவர்கள், குறிப்பாகத் தெற்கே பரானா மாநிலத்திலிருந்து. அங்கே 1975 ஜூலை உறைபனியில் காபித் தோட்டங்கள் கருகின. அந்த நிலத்தில் சோயாவும் கோதுமையும் டிராக்டரோடு வந்தன. விளைச்சலில் பங்குக்கு உழுதவர்களுக்கும் கூலிகளுக்கும் வேலை இல்லாமல் போனது. அவர்களுக்கு அங்கேயே நிலம் பிரித்துக் கொடுப்பது பெருநிலக்காரர்களைப் பகைக்கும் காரியம். அன்று பிரேசிலை ஆண்ட ராணுவ அரசு காட்டைக் காட்டியது. குயாபாவிலிருந்து ரோண்டோனியாவின் தலைநகர் போர்ட்டோ வெல்யோ செல்லும் பி.ஆர்.-364 நெடுஞ்சாலையை, 1981-ல் தொடங்கிய போலோநொரோயெஸ்தி என்ற வடமேற்கு வளர்ச்சித் திட்டத்தில் உலக வங்கிக் கடன் வாங்கி, 1984-க்குள் தார் போட்டு முடித்தார்கள். பழங்குடி நிலங்களை அளந்து பாதுகாக்கும் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 1985-ல் வங்கி பணத்தை நிறுத்தியபோது சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மனைப்பிரிவின் அளவைக் கவனியுங்கள். ஔரோ பிரெட்டோ போன்ற குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு 100 எக்டேர், அதாவது சுமார் 250 ஏக்கர். சாலையோர முகப்பு 500 மீட்டர், ஆழம் 2,000 மீட்டர். கிளைச்சாலைகள் 4 கி.மீ. இடைவெளியில், மேடு, பள்ளம், ஓடை எதையும் பார்க்காமல் நேர்க்கோடாகப் போடப்பட்டன. எல்லாரும் முகப்பிலிருந்துதான் வெட்டத் தொடங்குவார்கள். அதனால் செயற்கைக்கோள் படத்தில் முதலில் தெரிவது மீன்முள் வடிவம். பிறகு முட்களுக்கு நடுவே மிஞ்சிய காடும் சிறு சிறு துண்டுகளாகிறது. அமேசானில் அழிந்த காட்டில் சுமார் 95 விழுக்காடு சாலையிலிருந்து 5.5 கி.மீ.க்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து 1 கி.மீ.க்குள்ளோ இருந்தது என்று 2014-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

பட்டா விதி இன்னும் மோசம். காட்டை வெட்டுவதுதான் நிலத்தை "மேம்படுத்தியதற்கு" அத்தாட்சி. புறம்போக்கில் குடியேறியவர் வெட்டிய பரப்பைப் போல மூன்று மடங்கு வரை உரிமை கோரலாம் என்பது அன்றைய நடைமுறை. மரத்தோடு விட்ட நிலம் கேட்பாரற்ற நிலமாகவே கருதப்பட்டது. அடுத்தவர் உள்ளே புகுந்துவிடுவார். 1965-ன் வனச்சட்டம் அமேசானில் பாதி நிலத்தைக் காடாக வைக்கச் சொன்னது உண்மை. ஆனால் பாதியை வெட்டியவர் மிச்சத்தைத் தனியாக விற்றால், வாங்கியவர் அதில் பாதியை வெட்டலாம் என்ற ஓட்டை நெடுநாள் இருந்தது.

இனி விவசாயத்துக்கு வருகிறேன். வறட்சிக் காலத் தொடக்கத்தில் புதரையும் கொடியையும் அறுத்து, பிறகு பெருமரங்களைச் சாய்த்து, ஒன்றிரண்டு மாதம் காயவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் தீ வைப்பார்கள். முந்தினால் ஈரமரம் எரியாது. பிந்தினால் மழை வந்துவிடும். பாதி வெந்த கட்டைகளை வெட்டி அடுக்கி மறுபடி எரிக்க வேண்டும், கூலி இரட்டிப்பாகும். மண் பெரும்பாலும் புளிப்பு மண். அலுமினியம் அதிகம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. சாம்பல்தான் உரம், அதுவே புளிப்பையும் தணிக்கிறது. முதல் ஆண்டு நெல் நன்றாக வரும். இரண்டு மூன்று ஆண்டில் சாம்பல் சத்து கரைந்து, களை மேலோங்கி, விளைச்சல் விழுந்துவிடும். தலைமுறைகளாகக் காட்டில் வாழும் மக்களும் எரித்துத்தான் பயிரிடுகிறார்கள். ஆனால் சிறு துண்டாக வெட்டி, பிறகு பல ஆண்டுகள் தரிசாக விட்டுவிடுவார்கள். காடு திரும்ப வளரும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் குறிப்பிட்டு ஒரே குற்றத்தைச் சுமத்துவது அநியாயம்.

குடியேறியவர்கள் தரிசு விடாமல் பிரேக்கியாரியா என்ற மேய்ச்சல் புல்லை விதைத்தார்கள், அதற்கும் காரணம் உண்டு. மழைக்காலத்தில் கிளைச்சாலை சேறாகிவிடும். நெல் மூட்டை களத்திலேயே முளைத்துவிடும், மாடோ சந்தைக்குத் தானே நடந்து வரும். வீட்டில் இருவர் மலேரியாவில் படுத்திருந்தாலும் மாடு மேயும். 1989-ல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை சரிந்து விலை விழுந்தபோது குடியேறியவர்கள் வைத்த பல காபித் தோட்டங்களும் புல்லாயின. எக்டேருக்கு ஒரு மாடு என்பதே பொதுவான கணக்கு. உரமில்லாமல் மேய்த்தால் பத்தாண்டுக்குள் புல் மெலிந்து, மண் இறுகிப்போகும். அதற்குள் சாலை ஓரத்து நிலத்தின் விலை ஏறியிருக்கும். சிறு விவசாயி பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டு அடுத்த காட்டு ஓரத்துக்கு நகர்வார். வெப்பமண்டலக் காடழிவில் குறைந்தது 90 விழுக்காட்டை வேளாண்மை தூண்டினாலும், வெட்டிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உற்பத்தியிலேயே இல்லை என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்வதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதே மாநிலத்தில். 1980-களில் அமைந்த மஷாதின்யோ குடியேற்றத்தில் மனைகளை நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். ஒவ்வொரு மனையிலும் பாதிக்காடு என்று சிதறவிடாமல், பொதுக் காப்புக்காடுகளாகச் சேர்த்து ஒதுக்கினார்கள். ரப்பர் பால் எடுப்பவர்கள் அந்தக் காடுகளில் தொழில் செய்தார்கள். வெட்ட வருபவரைத் தடுக்க அங்கே ஆள் இருந்தது. பக்கத்திலேயே மீன்முள் முறையில் பிரித்த அனாரி குடியேற்றத்தோடு ஒப்பிட்டபோது, மஷாதின்யோவில் காடு அதிகமாகவும் துண்டுபடாமலும் மிஞ்சியிருந்தது.

பிறகு வந்த கணக்கும் இதையே காட்டுகிறது. பிரேசில் அமேசானில் 2004-ல் ஓராண்டில் 27,772 ச.கி.மீ. காடு அழிந்தது, 2012-ல் 4,571. மக்கள்தொகை இடையில் குறையவில்லை. செயற்கைக்கோள் எச்சரிக்கை கிடைத்ததும் அதிகாரிகள் களத்துக்குப் போனார்கள், புதிய வனக் காப்பகங்கள் அறிவிக்கப்பட்டன, 2008 முதல் நில ஆவணமும் சூழல் விதியும் சரியாக இருந்தால்தான் வேளாண் கடன் என்றானது. அந்தப் பிடி தளர்ந்ததும் 2021-ல் 13,000-ஐத் தாண்டியது.

இன்றும் அடைபடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. 2009-ன் சட்டம் 2004 வரை பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்குப் பட்டா தந்தது. 2017-ல் அந்தக் கெடுவை 2008-க்குத் தள்ளினார்கள். கெடு ஒருமுறை நகர்ந்தால் மறுமுறையும் நகரும் என்று நம்பி இன்று வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நில உரிமையாளர் தாமே விவரம் தரும் கிராமப்புறச் சூழல் பதிவேட்டில், பழங்குடி நிலத்தையும் பொதுக்காட்டையும் தம் பெயரில் ஏற்றிக்கொள்கிறார்கள். தொடர் கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் விவசாயியின் தீப்பெட்டியோடு நிறுத்தாமல், இந்தப் பதிவேட்டையும் கெடு நாளையும் பற்றி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை