டி.வி. மெக்கானிக்குகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, தொழில் தோழர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நான் சொல்ல வேண்டியது, பழைய பெட்டி டி.வி.யில் படம் காட்டும் கண்ணாடிக் கூடான பிக்சர் டியூப்பைப் பற்றித்தான்.

2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் நம் கைபட்டு ஓடியவை. இப்போது அவை பரணிலிருந்து இறங்குகின்றன. பழைய இரும்புக் கடைக்கு வேண்டியது, டியூப்பின் ஒடுங்கிய கழுத்தில் மாட்டியிருக்கும் கம்பிச் சுருளான யோக்கில் சுற்றிய செம்பும் சர்க்யூட் போர்டும் மட்டுமே. கழுத்தை ஒரு தட்டு தட்டி யோக்கை உருவிக்கொண்டு, டியூப்பை வீசிவிடுகிறார்கள். போன ஆடியில் ஏரிக்கரையில் அப்படி ஒரு குவியலைப் பார்த்தேன். உடைந்த முகக்கண்ணாடியின் உட்புறப் பொடி, மழை பட்ட இடத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. பக்கத்திலேயே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலர் டியூப்பில் இருப்பது இரண்டு வகைக் கண்ணாடி. முகப்பில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் உண்டு. பின்பக்கப் புனலிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்கச் சேர்த்தது. முன்பெல்லாம் பிரித்த கண்ணாடி புது டியூப் செய்யவே திரும்பிப் போகும். டியூப் தயாரிப்பு நின்றதும் அந்த வழி அடைபட்டது. இன்று ஈயம் உருக்கும் உலை போன்ற சில இடங்களுக்குத்தான் அது போக முடியும், அதுவும் செலவு செய்து. செம்பை உருவிய வெறும் கூட்டை எந்த ஆலையும் விரும்பி வாங்காது. முழு செட்டாகக் கொடுத்தால் செம்பின் விலை கண்ணாடியின் செலவைக் கொஞ்சமாவது தாங்கும். யோக்கைக் கழற்றி விற்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் மன்றாடியது இதற்காகத்தான்.

சங்கத்தின் பின்கொட்டகையில் செட்டுகளைச் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் பங்குனியில் முதல் லாரியை அனுப்பினோம். இனி டியூப் கொண்டுவருபவர்கள் கோணி விரித்து முகம் கீழே பார்க்க வையுங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம். உள்ளே காற்றில்லாத கூடு அது. உடைந்தால் சில்லு கண்ணில் தெறிக்கும்.

பழைய எல்.சி.டி. செட்டுகளில் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட், குச்சி போல மெலிந்த பாதரசக் குழாய். பேனலைப் பிரிக்கையில் அது நொறுங்கினால், அந்த ஆவி நம்மையும் கடையில் வேலை பழகும் தம்பிகளையும்தான் முதலில் தாக்கும். பிரிக்காமலே கொண்டுவாருங்கள்.

கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. ஆடி மழைக்குள் ஓடு மாற்றப் பணம் ஒதுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்