ஹாக்கி மட்டையும் தீப்பெட்டி லேபிளும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் பெற்றோருக்கு யோசனை சொல்லும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு வரி: "மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத தொழிற்சாலையில் ஹாக்கி மட்டை வரவழைக்கும் பெற்றோர், பிள்ளையின் எதிர்காலத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்." படித்ததும் இதழை மடக்கி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். கஞ்சத்தனம் என்றுதான் போட்டிருக்கிறது.

ஐயா, நான் கோவில்பட்டியில் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1986-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் ஜில்லாவைப் பிரித்து எங்களைத் தூத்துக்குடியோடு சேர்த்தார்கள். இருந்தாலும் யார் கேட்டாலும் திருநெல்வேலிச் சீமை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஊருக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவு தங்களுக்குத் தெரியாதது அல்ல. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் வந்து கிருஷ்ணா நகர் மைதானத்தில் ஆடும்போது, தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேலை முடிந்த கையோடு, விரல் நுனியில் மருந்துக் கறையோடு வந்து உட்கார்ந்து பார்ப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் நான் பழக்கினேன். அவர்களைத்தான் தங்கள் கட்டுரை கஞ்சர்கள் என்கிறது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 2011-ல் என் மாணவன் ஒருவன் மாவட்ட அணிக்குத் தேர்வானான். அப்பா லோடுமேன், அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறவர். "பெரிய பிராண்டு மட்டை இல்லாமல் மேலே போக முடியாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெளியூர்க் கடை ஒன்றில் 90 சதவீதம் கார்பன் இழை என்று எழுதிய மட்டையை 9,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பையனுக்குத் தெரியும். ஏழாவது வாரம், கரிசல் மண் இறுகிக் கிடந்த பள்ளி மைதானத்தில் எதிராளியின் மட்டையோடு ஒரு மோதல். சடக்கென்று சத்தம் கேட்டது. வளைவுக்கு மேலே பிளந்து, உள்ளே கருப்பு நார் பிய்ந்து நின்றது. மறுநாள் அந்த அம்மா மட்டையைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "சார், இதை ஒட்ட முடியுமா?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், இரண்டு காதிலும் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் சொருகியிருந்தார். கடைக்காரரைக் கேட்டதற்கு, மோதி உடைந்தால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கம்மல் கடைசி வரை திரும்பவே இல்லை. இவர் கஞ்சரா, ஐயா?

அந்த மட்டை அந்தப் பையனுக்குத் தேவையே இல்லாதது. கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகும். அடி பலமாகப் போகும்தான், ஆனால் பந்தை நிறுத்தும்போது துள்ளிப் போகும். பழகுகிற பிள்ளைக்கு கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) அதிகமும் கார்பன் குறைவுமான மட்டைதான் கைக்கு அடங்கும். தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிராண்டு, பிராண்டு, பிராண்டு என்று மூன்று பத்தி இருக்கிறது.

பிராண்டு என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். என் அம்மா வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஆபீசில் ஒரே சட்டத்தில் அடுக்கிய குச்சி, ஒரே மருந்தில் முக்கிய குச்சி. காலையில் பூப்படம் போட்ட லேபிள் வரும், சாயங்காலம் மிருகப் படம் போட்ட லேபிள் வரும். எந்த வடநாட்டு வியாபாரிக்குப் போகிறதோ அவருக்குப் பிடித்த படம். ஆனாலும் தீப்பெட்டிக்காரர்கள் நியாயமானவர்கள். 14 வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். படம் மாறியதற்காக யாரும் இருபது ரூபாய் கேட்கவில்லை.

ஹாக்கி மட்டையிலும் நடப்பது அதே லேபிள் வேலைதான். உலகத்துப் பெரிய பெயர்களில் பலவற்றுக்கு மட்டை செய்யச் சொந்தப் பட்டறை கிடையாது. பாகிஸ்தானில் சியால்கோட்டிலும், சீனாவிலும், நம் நாட்டில் ஜலந்தரிலும் மீரட்டிலும் இழையைப் பிசினில் தோய்த்துச் சுற்றி, சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். கேட்டவருக்குக் கேட்ட ஸ்டிக்கர். 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த கைவேலைக்காரர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறி வளர்த்த தொழில் இது. தலைமுறை தலைமுறையாக மட்டை செய்கிறவர்களைப் 'பெயர் தெரியாத தொழிற்சாலை' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுரை எழுதியவருக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா வந்து போன பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் ஜலந்தர் கன்டோன்மென்டில் இருந்தார். அவரை விட்டு இந்தியில் பேச வைத்து, ஒரு பட்டறையிலிருந்து நேராக 18 மட்டை வரவழைத்தேன். ஒன்று 1,400 ரூபாய். லாரி ஆபீசில் சாக்கில் தைத்து வந்து இறங்கியது. பிரித்ததும் பிசின் வாடை. மேலே ஒரு எழுத்துக் கிடையாது, வெறும் கருப்பு. பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மட்டை 737 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும், முதுகு வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. லேத் பட்டறையில் சொல்லி 51 மில்லிமீட்டருக்கு ஒரு இரும்பு வளையம் கடைந்து வாங்கினேன். எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். சிமெண்டுத் தரையில் முகம் குப்புற வைத்து, இடைவெளியை அளவுகோலால் பார்த்தோம். 16 மட்டை தேறியது. இரண்டு வளையத்தில் சிக்கிக்கொண்டது. போனில் சொன்னதும், எதிர்க்கேள்வி கேட்காமல் அடுத்த பார்சலில் வேறு இரண்டு வைத்து அனுப்பினார்கள். உடைந்த மட்டையைப் பார்த்து வாரண்டி பேசிய கடைக்காரரை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த மட்டைகளை வைத்துத்தான் நாலு வருஷம் என் பிள்ளைகள் ஆடினார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் தங்கள் இதழில் கோல்ஃப் ஆடும் தொழிலதிபர் ஒருவரின் பேட்டி வந்தது. பெரிய பிராண்டுக்குத் தண்டம் அழாமல், தொழிற்சாலையிலிருந்தே நேரடியாக ஒரு செட் கோல்ஃப் மட்டை வரவழைத்ததாகச் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. பல பிராண்டுகளின் கோல்ஃப் மட்டைத் தலைகளைச் சீனாவிலும் தைவானிலும் ஒரே வார்ப்பாலைகளில் வார்க்கிறார்கள் என்பதும் உண்மை. தாங்கள் அதற்குக் கொடுத்த தலைப்பு 'சிக்கனத்தில் ஒரு சாமர்த்தியம்'. பை நிறையப் பதினாலு மட்டை வைத்து ஆடுகிறவர் தொழிற்சாலையில் வாங்கினால் சாமர்த்தியம். ஒரே ஒரு மட்டை வாங்கப் போகும் லோடுமேன் வாங்கினால் கஞ்சத்தனம். இதை எப்படி, ஐயா, ஒரே பத்திரிகையில் எழுத மனசு வந்தது?

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே மட்டைக் கம்பெனி ஒன்றின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. ஆனால் படிக்கிற பெற்றோர் போடுவார்கள்.

தங்கள் இதழுக்கு ஹாக்கி என்றாலே இளப்பம்தான் என்ற வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடி வெண்கலத்தோடு வந்த மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. அவர் பெயரை அன்றைக்குத் தங்கள் இதழில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டுப் பிள்ளைகள் வந்து ஆடினார்கள். மதுரை எங்களுக்கு இரண்டு மணி நேரம். பழைய மாணவர்களோடு வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தாங்கள் போட்டது ஒரு கட்டம், ஆறு வரி. பக்கத்திலேயே ஒரு கிரிக்கெட் வீரர் புது வீடு வாங்கிய செய்தி அரைப்பக்கம். அப்போதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதற்கு முன் செயற்கைப் புல் மைதானம் இல்லாத பள்ளிகளைப் பற்றி எழுதியதும் வரவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து உலகமே செயற்கைப் புல்லுக்குப் போய்விட்டது, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னும் சரளையில் ஓடுகிறார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் போடவில்லை, போகட்டும். அந்தச் சரளையில் ஓடுகிறவனின் அம்மாவைக் கஞ்சம் என்று சொல்ல மட்டும் இடம் இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எடை 737 கிராம், வளையம் 51 மில்லிமீட்டர், வளைவு 25 மில்லிமீட்டர், பழகுகிற பிள்ளைக்குக் கார்பன் குறைவாக. இந்த நாலு வரி போதும். மட்டை வாங்கப் போகிற அப்பா அம்மா அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த இரும்பு வளையம் இன்னும் என் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.