கிரியாட்டினும் கிரியாட்டினினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையில் தசை வலு குறைவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தசைக்குச் சக்தி தரும் கிரியாட்டின் பவுடர் பற்றி அதில் இரண்டே வரிகள்தான் இருந்தன. ஆறு மாதமாக அதைச் சாப்பிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு 68 வயது. மாம்பலம் ரயில் நிலையத்தில் கைப்பிடியை விட்டுவிட்டுப் படி ஏறினால் தொடை நடுங்கும். பூஜை அறையில் தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். எலும்பு டாக்டர்தான் தினமும் 3 கிராம் கிரியாட்டின் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நம் உடம்பே ஒரு நாளைக்கு ஒரு கிராம் அளவுக்கு அதைத் தயாரித்துக்கொள்கிறதாம். மிச்சம் மீன், கறியிலிருந்து வர வேண்டும். நானோ சுத்த சைவம்.

கூடவே பயிற்சியும் உண்டு என்று கண்டிப்பாகச் சொன்னார். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன், ரப்பர் பட்டையை இழுக்கிறேன். நடேசன் பூங்காவில் என்னோடு நடக்கிறவர்கள், "வாக்கிங் போகிறோமே, பவுடர் மட்டும் வாங்கினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. தசைக்குப் பாரம் கொடுக்காமல் பவுடரை மட்டும் குடித்துப் பெரிய பலன் இல்லை. ஐரோப்பிய யூனியன் 2017-இல் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு இதனால் தசை வலு கூடும் என்பதை அங்கீகரித்தபோதும், பாரப் பயிற்சியோடு சேர்த்துத்தான் சொன்னது.

இப்போது கை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் போன மாதம் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு 1.3 என்று வந்தது. முன்பு 0.9. கிட்னி போய்விட்டதோ என்று என் மகள் அன்றிரவு தூங்கவே இல்லை. மறுநாள் பார்த்த டாக்டருக்கு நான் பவுடர் சாப்பிடுவது தெரியாது, நானும் சொல்லவில்லை. டப்பாவைக் காட்டிய பிறகுதான் விளக்கினார். கிரியாட்டின் உடம்பில் சிதைந்து கிரியாட்டினினாக மாறுகிறது, அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறலாம் என்றார். சிறுநீரகத்தை வேறு வழியில் பார்க்கும் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். அது சரியாகவே இருந்தது.

ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் பவுடர் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, இந்த இரண்டையும் தயவுசெய்து கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33