‘தெரியாது’ என்றவர்கள் எங்கே போனார்கள்?

பிரிட்டிஷ் போலிங் கவுன்சிலுக்கும், அதில் உறுப்பினராக உள்ள கருத்துக்கணிப்பு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களுக்குப் புதியவன் அல்ல. உங்கள் அட்டவணைகளில் ஏதோ ஒரு மூலையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். வீடு வடமேற்கு லண்டனின் ஹாரோவில். உங்களில் ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. கேள்விக்குப் பதில் சொன்னால் புள்ளிகள் சேரும், புள்ளிகள் சேர்ந்தால் என்றைக்காவது கொஞ்சம் பணம் வரும். பெரும்பாலும் ஹாரோ ஆன் த ஹில்லில் மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் ஏறி, பேக்கர் ஸ்ட்ரீட் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

ஒருநாள் காலை முதலில் பற்பசை பற்றி ஏழெட்டுக் கேள்விகள் வந்தன. யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். பல் தேய்ப்பது நான் தினமும் செய்கிற வேலை, அதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அப்புறம் நாடாளுமன்றத்தில் இருக்கும் ஒரு மசோதா. இரண்டு வரி விளக்கம், கீழே ஐந்தாறு பொத்தான்கள். வெம்ப்ளி பார்க் தாண்டியாகிவிட்டது. அந்த மசோதாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் ‘ஓரளவு ஆதரிக்கிறேன்’ என்பதை அழுத்தினேன். ‘தெரியாது’ என்பதை அழுத்த ஒரு கூச்சம். பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார், யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் கூச்சம். சில நாள் கழித்து, அந்த மசோதாவுக்கு மக்களில் பெரும்பான்மையினர் ஆதரவு என்று செய்தி வந்தது. “இதில் நானும் இருக்கிறேன்” என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். “நீங்க அதைப் படிச்சீங்களா?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2015 தேர்தலில் நீங்கள் சறுக்கியபோது விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவரும் இன்னொரு ஆய்வாளரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இல்லவே இல்லாத மசோதாக்களைப் பற்றிப் பிரிட்டன் மக்களிடம் கேட்டிருந்தார்கள். பத்தில் ஒருவராவது அதற்கும் ஆதரவோ எதிர்ப்போ சொன்னார்கள். அந்தப் பத்தில் ஒருவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் அந்த ‘தெரியாது’ என்ற பொத்தானைப் பற்றியது. என்னைப் போல அதை அழுத்தக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். தைரியமாக அழுத்துகிறவர்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எங்கள் தெருமுனையில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2024 மே 22 அன்று ரிஷி சுனக் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே தேர்தலை அறிவித்தார் அல்லவா, அதற்குச் சில வாரங்களில் அண்ணனுக்கு ஒரு கருத்துக்கணிப்புத் தொலைபேசி அழைப்பு வந்தது. வெண்டைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “தம்பி, ஆருக்கு வோட்டுப் போடுவியள் எண்டு கேட்டான். நான் இன்னும் யோசிக்கேல்லை எண்டன். சரி எண்டுபோட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான். பிறகு, நீங்கள் இண்டியனோ, பாகிஸ்தானியோ, பங்களாதேஷியோ, சைனீஸோ எண்டு வாசிச்சான். ஒண்டுமில்லை எண்டன். அப்ப ‘வேற ஆசியர்’ எண்டு போட்டுட்டான்.”

ஜூலை 4 அன்று அவர் போய் வாக்களித்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் அவர் எங்கே? வழக்கமாக ‘தெரியாது’ என்பவர்களையும் வாக்களிக்க மாட்டேன் என்பவர்களையும் எடுத்துவிட்டு, மீதிப் பேரை நூறு சதவீதமாக்கித்தான் தலைப்பு எண்ணைத் தருகிறீர்கள். 2024இல் இது சின்ன விஷயமாக இருக்கவில்லை. 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போட்டவர்களில் ஏராளமானோர் அந்தச் சமயத்தில் ‘தெரியாது’ என்ற கூட்டத்தில்தான் நின்றார்கள். உங்களில் சிலர் அவர்களைத் தூக்கிப்போடாமல், பழைய வாக்கையும் மற்ற விவரங்களையும் வைத்துப் பகிர்ந்து கணக்கிட்டீர்கள். அப்படிச் செய்தவர்களின் கணிப்பில் லேபரின் முன்னிலை குறைவாக வந்தது. அதாவது ஒரே நாடு, ஒரே வாரம், ஏறக்குறைய ஒரே பதில்கள். ‘தெரியாது’ என்றவரை எந்தப் பெட்டியில் போடுவது என்ற முடிவில்தான் சில புள்ளிகள் இடம் மாறின. இது நாளிதழின் முதல் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

கடைசியில் என்ன ஆனது? தேர்தலுக்கு முந்தைய கணிப்புகளின் சராசரி லேபருக்கு 39 சதவீதத்தை ஒட்டிச் சொன்னது. வட அயர்லாந்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கிடைத்தது 35க்கும் கொஞ்சம் குறைவு. முன்னிலை 17, 18 புள்ளி என்று எதிர்பார்த்த இடத்தில் பத்துதான் வந்தது. 2015இல் இரண்டு கட்சிகளும் ஏறக்குறைய சமம் என்றீர்கள், கன்சர்வேட்டிவ் ஆறரைப் புள்ளி முன்னால் வந்தது. அதற்கு நாடே கொதித்தது, விசாரணை வைத்தீர்கள், அறிக்கை எழுதினீர்கள். 2024இல் முன்னிலையைக் கணித்ததில் பிழை அதைவிடச் சிறியதல்ல. ஆனால் ஜெயிக்கிற கட்சியைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள், லேபரும் 411 இடங்களைப் பிடித்துவிட்டது, ஆகவே யாரும் சத்தம் போடவில்லை. நூற்றுக்கு எண்பது வாங்குவேன் என்று சொல்லி எழுபது வாங்கிய பையனை, பாஸ்தானே என்று வீட்டில் விட்டுவிடுவார்களே, அந்தக் கதை.

விட்டுவிடக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் எண்கள் தேர்தலை வெளியே நின்று பார்ப்பதில்லை, தேர்தலுக்கு உள்ளே நடமாடுகின்றன. 2015இல் தொங்கு நாடாளுமன்றம் வரும் என்று நீங்கள் சொன்னதால்தான், லேபர் தலைவர் எட் மிலிபாண்டை ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலெக்ஸ் சாமண்டின் சட்டைப் பையில் உட்காரவைத்த அந்த கன்சர்வேட்டிவ் சுவரொட்டிக்கு அர்த்தம் வந்தது. அந்தக் கட்சியின் தயவில் லேபர் ஆட்சி என்ற பயம், வராத ஒரு முடிவை நம்பி விற்கப்பட்டது. 2024இல் அதே கன்சர்வேட்டிவ்கள், லேபருக்கு மிதமிஞ்சிய பெரும்பான்மை கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிப் பிரசாரம் செய்தார்கள். அதுவும் உங்கள் எண்ணை வைத்துத்தான்.

2015இல் எனக்கு மறக்காத விஷயம் இன்னொன்று உண்டு. தேர்தலுக்கு முந்தைய நாள் சர்வேஷன் நிறுவனம் எடுத்த தொலைபேசிக் கணிப்பில் கன்சர்வேட்டிவ் 37, லேபர் 31 என்று வந்தது. ஏறக்குறைய உண்மையான முடிவு. மற்ற எல்லோரும் சொல்வதிலிருந்து விலகி இருக்கிறதே என்று பயந்து அதை வெளியிடவில்லை. நிறுவனத் தலைவரே பிறகு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் கையில் சரியான விடை இருந்தும், பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துவிட்டு விடைத்தாளை மடித்துவைத்த கதை அது. அந்தத் தேர்தலில் உங்கள் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போன அளவு, தற்செயலாக வரக்கூடியதைவிட அதிகம் என்று விசாரணைக் குழுவே எழுதியது. ஆனால் பெரிய காரணம் என்று அவர்கள் சொன்னது வேறு: உங்கள் மாதிரியே சரியில்லை. உங்களுக்குப் பதில் சொன்னவர்களில் லேபர்காரர்கள் அதிகம், கன்சர்வேட்டிவ்காரர்கள் குறைவு. குறைவாக இருந்தவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை போட்டுச் சரிசெய்தும் சரியாகவில்லை.

இங்கே ‘வேற ஆசியர்’ அண்ணனிடம் திரும்ப வருகிறேன்.

ஆயிரம் பேர் கொண்ட ஒரு கணிப்பில் எங்கள் மாதிரி ஆட்கள் எத்தனை பேர்? ஸ்காட்லாந்துக்காரர்களே எண்பது, தொண்ணூறு பேர்தான் இருப்பார்கள். நூறு பேரிடம் கேட்ட எண் என்றால் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்துப் புள்ளி தள்ளாடும். ஆசியர் எல்லோரையும் சேர்த்தாலும் நூறு தேறுவது சிரமம். இதில் குஜராத்திக் கடைக்காரர், வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த ரெஸ்டாரண்ட் முதலாளி, பாகிஸ்தான் பக்கக் காஷ்மீரின் மிர்பூர்க் குடும்பம், யாழ்ப்பாணத்து அண்ணன், தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிக்காரனான நான், எல்லோரும் ஒரே நெடுவரிசை. கேட்பதும் ஆங்கிலத்தில். எங்கள் கோவிலில் வெள்ளிக்கிழமை வருகிற பாட்டிமாரில் பாதிப்பேர் தபால் வாக்கு போடுகிறவர்கள். உங்கள் கேள்வி அவர்களிடம் போகவே போகாது. (காமன்வெல்த் குடியுரிமை உள்ளவர் இங்கே முறைப்படி வசித்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே வாக்களிக்கலாம் என்பது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. அது வேறு கதை.)

நெடுவரிசையில் எல்லோரையும் கொட்டினால் என்ன ஆகும் என்பதை லெஸ்டர் காட்டியது. 2024இல் நாடு முழுக்க கன்சர்வேட்டிவ் கட்சி நொறுங்கிய அதே இரவில், லெஸ்டர் கிழக்கை அது லேபரிடமிருந்து பிடுங்கியது. லேபரிடமிருந்து அக்கட்சி வென்ற ஒரே தொகுதி அதுதான். பக்கத்தில் லெஸ்டர் தெற்கில் லேபரின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஜொனாதன் ஆஷ்வொர்த், காசாவை முன்வைத்து நின்ற ஒரு சுயேச்சையிடம் தோற்றார். ஒரே ஊர், இரண்டு தொகுதிகளிலும் ஆசியர்கள் நிறைய, இரண்டும் எதிரெதிர்த் திசை. எங்கள் ஹாரோ கிழக்கில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பாப் பிளாக்மன் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி நின்றார். ‘பிரிட்டிஷ் ஆசியர் மனநிலை’ என்று ஒற்றை எண் போட்டுத் தலைப்பு வைக்கிற பத்திரிகைக்கு அந்த எண்ணைக் கொடுப்பது நீங்கள்தானே? அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதிவிடுங்கள். உங்களுக்கும் அந்தப் பொத்தான் உண்டு.

குறை மட்டும் சொல்ல எழுதவில்லை. தேர்தல் நாள் இரவு பத்து மணிக்கு, பிக் பென் அடித்ததும் வருகிற எக்ஸிட் போலை நான் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் உட்காரவைத்துப் பார்க்கிறவன். 2015இல் அது கன்சர்வேட்டிவ்களுக்கு 316 என்றதும், இது சரியாக வந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார் லிபரல் டெமாக்ரட் கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன். வந்தது அதற்கும் மேல். 2024இல் லேபருக்கு 410 சொன்னார்கள், கன்சர்வேட்டிவ்களுக்கு 131. பின்னது 121 ஆனது, ரிஃபார்ம் கட்சியை 13 என்று கூட்டிச் சொல்லிவிட்டார்கள், போகட்டும். அது ஏன் பெரும்பாலும் பலிக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் சங்கதி எளிது. வாக்குச்சாவடி வாசலில் நின்று, வாக்களித்து வெளியே வருகிறவரிடம் அதே மாதிரி ஒரு போலி வாக்குச்சீட்டைக் கொடுத்து, உள்ளே செய்ததை இன்னொரு முறை செய்து இந்தப் பெட்டியில் போடுங்கள் என்கிறார்கள். வாய் திறக்கவேண்டாம், கூச்சம் வேண்டாம். கூடியவரை போன தேர்தலில் நின்ற சாவடிகளிலேயே நிற்பதால், என்ன மாறியது என்பது தெரிகிறது. வாக்களிப்பாரா மாட்டாரா என்ற ஊகம் கிடையாது. ‘தெரியாது’ என்று சொல்ல அங்கே ஆளே இல்லை, எல்லோரும் முடிவெடுத்து முடித்தவர்கள்.

மற்ற நாட்களில் உங்களுக்கு அந்த வசதி இல்லை, புரிகிறது. அதனால்தான் 2025 செப்டம்பரில், அடுத்த தேர்தலுக்கு 2029 வரை நேரம் இருக்கும்போதே, ரிஃபார்முக்கு 311 இடங்கள் என்று யூகவ் நிறுவனத்தின் தொகுதிவாரிக் கணிப்பு வந்தபோது எனக்கு அந்தக் கடைசி ‘1’ மீதுதான் கண் போனது. ஐந்து கட்சிகள் வாக்கைப் பிரித்துக்கொள்ளும் நாட்டில் இரண்டு புள்ளி அசைந்தால் எத்தனையோ தொகுதிகள் கைமாறும். கணிதம் தவறு என்று சொல்லவில்லை. பல்லாயிரம் பேரிடம் கேட்டு, தொகுதிவாரியாக மதிப்பிடும் அந்த முறை 2017இல் தொங்கு நாடாளுமன்றத்தை முன்கூட்டியே சொன்னபோது ஊரே சிரித்தது, பிறகு சிரித்தவர்கள்தான் முழித்தார்கள். ஆனால் எந்த முறையாலும், இன்னும் மனசுக்குள் முடிவாகாத ஒன்றை எண்ணிவிட முடியாது.

கட்சி ஆதரவு பற்றிய உங்கள் கணிப்புகளின் அடியில் ஒரு வாக்கியம் இருக்கும். பழைய தேர்தல்களை வைத்துப் பார்த்தால், ஒரு கட்சியின் உண்மையான ஆதரவு இந்த எண்ணிலிருந்து நான்கு புள்ளிக்குள் இருப்பதற்குப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்று. 2018இல் நீங்களே உருவாக்கியது. நல்ல வாக்கியம். ஆனால் மருந்துப் புட்டியின் எழுத்தைப் போல அடியில் கிடக்கிறது. ஒரு கட்சிக்கு நான்கு மேலே, எதிர்க் கட்சிக்கு நான்கு கீழே என்றால் முன்னிலையில் எட்டு போய்விடும். 2024இல் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். அந்த வாக்கியத்தை மேலே கொண்டுவாருங்கள். பத்திரிகைக்குத் தருகிற படத்தில், கட்சிகளின் பட்டைகளுக்குப் பக்கத்தில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று ஒரு பட்டையையும் அதன் முழு உயரத்தில் நிறுத்துங்கள். சாம்பல் நிறமாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த எண் அட்டவணையில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானே தேடிப் பார்த்திருக்கிறேன். பல பக்கம் உருட்டியபின் கிடைத்தது. கடைக்காரர் அண்ணனுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் நிறுவனத்திலிருந்து புதிய அழைப்பு வந்திருக்கிறது. ஒன்பது நிமிடம் ஆகுமாம், ஐம்பது புள்ளிகளாம். முதல் கேள்வி காப்பி பற்றி. நான்காவது கேள்வி பாதுகாப்புச் செலவு பற்றி. படித்துப் பார்த்தேன், மனைவியிடமும் கேட்டேன், எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இந்த முறை அதையே அழுத்தியிருக்கிறேன். எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஹாரோவிலிருந்து ஒரு வாக்காளர்